வழிச்சுச் சாப்பிட்டாங்க

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும், பிறந்து நாற்பது நாளான நம் பேரனும் சுகம் என்று மகள் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன். உன் வாயால் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் எப்போது போன் செய்தாலும் அம்மா குளிக்கிறாள் என்கிறாள் மகள். காலையில் செய்தாலும் குளியல், மத்தியானம் செய்தாலும் குளியல். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? முப்பத்து நாலு வருஷம் தண்ணீர் மீட்டர் பழுது பார்த்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்த வீட்டு மீட்டர் என்னத்துக்கு ஆகும்?

அதனால்தான் கடிதம். இதை உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. வாஷர் வாங்கி வைத்து இரண்டு வாரம் ஆகிறது, மாட்டத்தான் கை வரவில்லை. மாடி வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார்கள். எப்போது வருகிறாள், இவ்வளவு நாள் இருக்க மாட்டாளே என்றார்கள். பேரனை விட்டு வர மனசில்லையாம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. ஒரு வேளை சோறும் முட்டையும், மறு வேளை முட்டையும் சோறும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கோபமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாசம் கிளம்ப வேண்டியவள், பட்டறை விருந்து முடிந்த நாலாம் நாளே மகள் வீட்டுக்குக் கிளம்பினாய். பிரசவத்துக்குத் துணை என்று ஊருக்குச் சொன்னாய். எனக்கு எதுவும் சொல்லவில்லை. குற்றவாளிக்குக் கூட ஒரு தடவை வாய் திறக்க இடம் கொடுப்பார்கள். நீ கொடுக்கவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் உன் தம்பி போன வருஷத்தை நினைத்துப் பார். நாலு மாசம் நீ அடுப்புப் பக்கமே வரவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாய், படு என்றால் படுப்பாய். அந்த வருஷம் பட்டறையில் பெரிய சுத்தம் வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கழுவுவோம், கேன்டீனும் கிடையாது, ஆளுக்கு ஒரு அயிட்டம் வீட்டிலிருந்து கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிடுவோம். நான் கடையில் பன் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னேன். நீ எழுந்து உட்கார்ந்து, என்னத்துக்குக் கடையில வாங்கணும் என்றாய். நாலு மாசத்தில் நீயாகச் சொன்ன முதல் வார்த்தை அது. உன் தம்பிக்குப் பிடித்த அடுக்குக் கிழங்கைச் செய்தாய். உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி, வெங்காயமும் மிளகும் தூவி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, மேலே சீஸ் போட்டு, மூடி வைத்த சட்டியில் ஒரு மணி நேரம். நீ அடுப்பு முன்னால் நிற்பதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைக் கூட விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை. மேஜை கொள்ளாமல் பதினேழு அயிட்டம் இருந்தது. ஸ்டோர்கீப்பர் வீட்டு வறுத்த கோழி வேறு. உன் சட்டியைச் சாயங்காலம் நிறையத் திருப்பிக் கொண்டு வந்து உன் முன்னால் எப்படி வைப்பேன்? நீயே சொல். காலி செய்து கழுவிக்கொண்டு வந்தேன். நீ வாசலிலேயே நின்று, போச்சா என்று கேட்டாய். வழிச்சுச் சாப்பிட்டாங்க என்றேன். நீ சிரித்தாய்.

அந்தச் சிரிப்புக்காகச் சொன்னது. அடுத்த வருஷம் நீயே நாளை எண்ணிக்கொண்டிருந்தாய், இதைவிடப் பெரிய சட்டி வாங்கி வைத்தாய். நான் என்ன சொல்வேன்? ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. ஃபோர்மேன் மனைவி செய்முறை கேட்டாள் என்றேன். நீ உட்கார்ந்து முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாய். ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது அவ்வளவு பெரிய பாவமா?

உன் அடுக்குக் கிழங்குக்குச் சிமெண்ட் என்று பெயர் வைத்ததைப் பற்றி. பட்டறையில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. ஓயாமல் பேசுகிறேன் என்று எனக்கே ஓட்டை மீட்டர் என்றுதான் பெயர். நான் என்றைக்காவது வருத்தப்பட்டேனா? இந்த வருஷம் என் ஓய்வும் பெரிய சுத்தமும் ஒரே நாளில் வந்து, குடும்பத்தோடு வரச் சொன்னது என் நேரம். மழை வரும் என்றேன், உனக்குக் கால் வலிக்கும் என்றேன், நீ கேட்கவில்லை. பதினோரு வருஷம் என் சமையலை ரசித்தவர்களை ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்றாய். நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாய். போனதும் நேரே ஃபோர்மேன் மனைவியிடம் போய், போன வருஷம் பால் அளவை மாற்றி எழுதினேனே, சரியாக வந்ததா என்று கேட்டாய். அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, என்னோடு ஒரே மேஜையில் பதினைந்து வருஷம் மீட்டர் பிரித்த நெட்டை, உன் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

"சிமெண்ட் வந்தாச்சு! இது இல்லாம விருந்தா? பேரு வச்சதே நம்ம அண்ணன்தான் அண்ணி."

எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதுதானே உன் கோபம்? நடுவில் நின்றுகொண்டு வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அந்தச் சட்டியை நீ மடியை விட்டு இறக்கவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் எழுதவில்லை, கேட்காமல் விட்டுவிடு. நடந்தது நடந்துவிட்டது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ஒரு சட்டிக் கிழங்குக்காக இரண்டு மாசம் பேசாமல் இருப்பது உனக்கே அதிகமாகத் தெரியவில்லையா?

பேரனுக்கு என் முத்தம். குளிர் அதிகம் என்றாள் மகள், காதை மூடிக்கொள்.

உன் அன்புக் கணவன்.


அன்புள்ளவளுக்கு,

நலம். போன கடிதம் கிடைத்ததா என்று மகளிடம் கேட்டேன். கிடைத்தது, அம்மா படித்தாள் என்றாள். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று கேட்டேன். மடித்து வைத்துவிட்டுக் குழந்தைத் துணி மடிக்கப் போனாள் என்றாள். அந்தக் கடிதம் தப்பு என்று எனக்கும் இப்போது தெரிகிறது. எழுதும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று பட்டறை அலமாரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சாமானை அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். நேற்றுக் காலையில் குழாய் மாட்ட ஸ்பேனர் தேடி அதைத் திறந்தேன். ஸ்பேனருக்கு அடியில் ஃபோர்மேன் மனைவிக்கென்று நீ எழுதிக் கொடுத்த செய்முறைகள் கிடந்தன. ஒன்றில்லை, பத்து. வருஷா வருஷம் நீ ஏதாவது திருத்தம் கண்டுபிடித்துப் புதிதாக எழுதிக் கொடுத்தாய், நான் வாங்கி அலமாரியில் போட்டேன். கிழிக்கவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் வழியில்லை. கடைசியாக எழுதியதன் அடியில், உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு மிளகு காரம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தாய். அந்த வீட்டில் குழந்தைகளே கிடையாது. அதைக் கூட நான் உனக்குச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் கடைக்குப் போய்க் கிழங்கு வாங்கி வந்தேன்.

சிரிக்காதே. இல்லை, சிரித்துக்கொள். கிழங்கு மெல்லிசாக வர வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்று காகிதம் மாதிரி வந்தது, அடுத்தது செருப்பு மாதிரி வந்தது. கட்டை விரலில் ஒரு வெட்டு. முட்டையை உடைத்ததில் பாதி ஓடு உள்ளே. எப்படியோ அடுக்கி மூடி வைத்தேன். மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பார், தையல்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அவள் வந்துவிட்டாளா என்று கேட்டார்கள். இல்லை, நான்தான் என்றேன். சூட்டோடு இரண்டு துண்டு சாப்பிட்டேன். அவ்வளவு அருமை. என் கையிலேயே இப்படி என்றால் உன் கையில் எப்படி இருக்கும். நம் வீட்டில் நீ எப்போதும் சூடாகத்தானே வைப்பாய், நான் எப்போதும் இரண்டாவது தடவை கேட்டுத்தானே சாப்பிடுவேன்.

மீதியை அப்படியே மூடி வைத்தேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தேன். பட்டறைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், சுத்தம் எல்லாம் முடிந்து, கை கழுவிவிட்டு மேஜைக்கு வரும்போது அத்தனை நேரம்தான் ஆகியிருக்கும். கரண்டி இறங்கவில்லை. சீஸ் இறுகி, கிழங்கு ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகக் கிடந்தது.

பிறகு கொஞ்சம் பால் தெளித்து, மூடி, சின்னத் தீயில் வைத்தேன். பத்து நிமிஷம். மறுபடி காலையில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது.

பட்டறையில் வாட்ச்மேன் அறையில் டீ போடுகிற அடுப்பு ஒன்று உண்டு. நூறு தடவை அதில் டீ குடித்திருக்கிறேன். முதல் வருஷமே வீட்டுக்கு வந்து, இறுகிப் போச்சும்மா, யாரும் சாப்பிடல என்று சொல்லியிருந்தால், நீ முகம் வாடியிருப்பாய், ஒரு நாள் வாடியிருப்பாய், மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்திருப்பாய். பால் அளவை வருஷா வருஷம் மாற்றிப் பார்த்தவளுக்கு இது ஒரு விஷயமா? ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. உன் சமையலில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு குறை, அதைத் தூக்கிக்கொண்டு போன ஆள்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. விரலுக்கு மருந்து போட்டுவிட்டேன், கவலைப்படாதே.

இப்படிக்கு,
நான்.


அன்புள்ளவளுக்கு,

நீயும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகும். முதலிரண்டு கடிதத்திலும் நான் சொல்லாமல் தாண்டிப் போனதை இதில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உன் கோபம் குறையாது, கூடும். கூடினாலும் சரி. அரைகுறையாகச் சொன்னால் அதுவும் பொய்யில்தான் சேரும்.

போன செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனேன். அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சாவியைத் தபாலில் கூட அனுப்பியிருக்கலாம். காலையில் எழுந்து உன் கடைசிச் செய்முறையைப் பார்த்து மறுபடி அடுக்குக் கிழங்கு செய்தேன், இந்தத் தடவை ஓடு விழவில்லை. பெரிய சட்டியில் இல்லை, சின்னதில்தான். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். உன் சமையல் எப்படி என்று அவர்களுக்குக் காட்டிவிட்டு வந்து, அதை உனக்குப் பெருமையாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே எழுதினால் நீ மனசு மாறுவாய் என்றும் நினைத்தேன். ஒளிப்பானேன்.

நான் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பாதிப் பேர் வெளி வேலைக்குப் போயிருந்தார்கள். ஃபோர்மேன் கூட்டத்தில் இருந்தார். ஸ்டோர்கீப்பருக்குச் சர்க்கரை, கிழங்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். என் மேஜையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து மீட்டர் பிரித்துக்கொண்டிருந்தாள், என்னை யார் என்று கேட்டாள். கடைசியில் நெட்டை ஒருத்தன்தான் மிஞ்சினான். வாட்ச்மேன் அறையில் சூடு பண்ணிக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். என்னண்ணே, ஓய்வு பெற்ற பிறகும் சிமெண்ட் வேலையா என்றான். பேசாமல் சாப்பிடுடா என்றேன்.

ஒரு துண்டு சாப்பிட்டான். பிறகு கேட்காமலே இரண்டாவது எடுத்தான். மூன்றாவதும் எடுத்தான். புதுப் பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தான். நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் நீங்கள் ஒதுக்கியது இதைத்தானே, சூடாக்கினால் எப்படி இருக்கிறது பார்த்தாயா என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவன் விரலைத் துடைத்துக்கொண்டே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னான்.

"இத்தனை வருஷத்துல நான் இதை வாயில வச்சதே இல்லையேண்ணே. யாருமே வச்சதில்ல. நீங்கதானே முதல் வருஷமே, பல்லு பத்திரம், தொடாதீங்கன்னு சொன்னீங்க."

அவன் பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சண்டைக்குக் கூடப் போனேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்துபோனது என்று சொல்ல மாட்டேன். வேறு மாதிரி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தொடவில்லை, அவர்கள் கேலி செய்தார்கள், நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று. எனக்கு நானே பதினோரு வருஷம் அப்படிச் சொல்லிச் சொல்லி, போன கடிதம் எழுதும்வரை அதை நம்பியும் விட்டேன்.

நடந்தது இதுதான். அந்த முதல் வருஷம் மேஜையில் எல்லாருடையதையும் வைத்தோம். நான் உன் சட்டியைத் திறந்து, முதல் துண்டு வெட்டக் கரண்டியை வைத்தேன். இறங்கவில்லை. ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நின்று பார்த்தார். தட்டோடு நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் வாயில் வைத்துவிட்டு ஏதாவது சொல்லப் போகிறார்கள், நான் நடுவில் நின்று அசடு வழியப் போகிறேன் என்று பயந்தேன். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிக்க வைத்துவிட்டால் அது என் ஜோக் ஆகிவிடும் அல்லவா? பல்லு பத்திரம், இது எங்க வீட்டு சிமெண்ட், தொடாதீங்க என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு கோழிப் பக்கம் போனார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை. உன் தம்பி போய் நாலு மாசம் கழித்து நீ எழுந்து நின்று செய்த சாப்பாடு அது.

ஆக, உன் சமையலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தர் கூட ருசி பார்க்கவில்லை. பார்க்க விடாமல் செய்தது நான். பொய் சொன்னது உன் முகம் வாடக் கூடாது என்று என்றேன். அதில் பாதிதான் உண்மை. மீதி, என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ கேட்டாயே ஒரு கேள்வி, பதினோரு வருஷமும் எங்க கொட்டுனீங்க என்று. பட்டறைக்குப் பின்னால், உடைந்த மீட்டர் கண்ணாடியும் துருப்பிடித்த மூடியும் போடுகிற தொட்டி ஒன்று உண்டு. அதில்தான். எல்லா வருஷமும். ஒரு வருஷம் மட்டும் பாதியை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நானே தின்றேன், அதுவும் பசியில்தான். கொட்டிவிட்டுச் சட்டியைக் குழாயில் கழுவித் துடைத்து, வரும் வழியெல்லாம் அன்றைக்கு என்ன பாராட்டுச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் கூட இருந்தது. கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று மத்தியானம் மகள் போன் செய்தாள். நீ நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தாயாம். பேரன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னாள். பேச்சோடு பேச்சாக, அவர்கள் கட்டிடத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூடிச் சாப்பிட்டதைச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு அயிட்டம், அங்கேயும் அதே வழக்கம்தானாம். அம்மா செய்திருப்பாளே என்றேன். இல்லைப்பா, கடையில் பன் வாங்கி வந்துவிட்டாள் என்றாள். நான் நம்பவில்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார்களாம், மாப்பிள்ளையும் கேட்டாராம், கிழங்கு முட்டை எல்லாம் வீட்டிலேயே இருந்ததாம். நீ சொன்னதை மகள் அப்படியே சொன்னாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், அவளுக்கு என்ன தெரியும்.

"வேணாம்மா. நான் செஞ்சா யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டாங்க."

போனை வைத்துவிட்டு, எழுதி வைத்திருந்த இந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

எனக்கு இது தோன்றவே இல்லை. நீ என் மேல் கோபமாக இருக்கிறாய், அது என்றைக்காவது தணியும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் கை மேல் உனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று தோன்றவில்லை. மனுஷர்கள் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் அது நிஜமா என்று நீ இனிமேல் யாரைப் பார்த்தாலும் யோசிப்பாய். முப்பத்தோரு வருஷம் யார் வந்தாலும் ஒரு பெரிய தட்டு நிறைய அள்ளி வைக்கிற பெண், கடையில் பன் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறாள். என்னால்தான்.

மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன். எழுதி அடித்துவிட்டேன், மேலே கறையாகத் தெரிகிறதே, அது அதுதான். வழிச்சுச் சாப்பிட்டாங்க என்று சொன்ன அதே வாய்தானே இதையும் சொல்கிறது. நீ எதை வைத்து நம்புவாய்?

அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அந்தக் கட்டிடத்தில் கூடிச் சாப்பிடும்போது ஏதாவது உன் கையால் செய்து எடுத்துக்கொண்டு போ. அடுக்குக் கிழங்குதான் செய்ய வேண்டும் என்றில்லை. எதுவானாலும் சரி. போய் வைத்துவிட்டு ஓரமாக நின்று சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார். முகம் பொய் சொல்லாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வாய், பிடித்திருந்தால் அதுவும் உனக்கே தெரியும். நடுவில் நின்று உனக்குச் செய்தி கொண்டு வர அங்கே நான் இல்லை.

இருபதாம் தேதி நீ திரும்பி வருவதற்கு எடுத்த டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா என்று நீ கேட்டதாகவும் மகள் சொன்னாள். போடலாமாம். உன் இஷ்டம். எனக்குச் சாப்பாடு இல்லை, இருமல் விடவில்லை என்றெல்லாம் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன், அதுவும் ஒரு பொய்தான். நடுவில் வந்த இருமல் நின்றுவிட்டது. குழாயும் மாட்டிவிட்டேன், சொட்டவில்லை. இங்கே உனக்காகக் காத்திருக்கும் வேலை என்று ஒன்றும் இல்லை. பேரனோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றால் இரு, நிம்மதியாக இரு.

ஆனால் அங்கே நீ பேசாமல் துணி மடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல வார்த்தை பேச வர வேண்டாம். என்னை மன்னிக்க வர வேண்டாம். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து, வாசலிலேயே நின்று, மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, உன் மனசு ஆறுகிற வரைக்கும் திட்டறதுக்காவது வா.

உன் வீட்டுக்காரன்.